நான்கிலும் ஏழு

பிரெஞ்சு டீச்சர் வேலையில் முதல் பல வருஷங்கள் எனக்குச் சோறு போட்டவர்கள் பிளஸ் டூ பிள்ளைகள். தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் கூட விழும் என்ற கணக்கில் வந்தவர்கள். பாடத்தை நெட்டுருப் போடுவார்கள், கோடிட்ட இடத்தை நிரப்புவார்கள், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் ஒருத்தியைப் பிடித்து மணி என்ன என்று பிரெஞ்சில் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, எனக்கும்தான்.

2017க்குப் பிறகு கூட்டம் மெல்ல மாறியது. முப்பதைத் தாண்டியவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஓஎம்ஆர் ஐடி கம்பெனிக்காரர்கள், வங்கி ஊழியர்கள், நர்ஸ்கள், மருந்துக் கம்பெனி ரெப்கள். ஆபீஸ் முடிந்து, லேப்டாப் பையைக்கூட இறக்காமல், இரவு எட்டரை மணி பாட்சில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் யாரும் மொழியைப் பற்றிக் கேட்பதில்லை. "மேடம், பி2 வரைக்கும் எத்தனை மாசம்?" என்பார்கள்.

சுழியத்திலிருந்து பி2 நிலைக்கு 500 முதல் 600 மணி நேரம் வகுப்பு தேவைப்படும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. வாரத்துக்கு ஆறு மணி நேரம் வந்தால் இரண்டு வருஷம். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் உட்கார்ந்தால் குறைக்கலாம். இதைச் சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். ஆறே மாதம் என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் இடத்தை விட்டு இங்கே ஏன் வந்தோம் என்று முகத்தில் எழுதியிருக்கும். சிலர் எழுந்து போய்விடுவார்கள். போனவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் அரைகுறைப் பிரெஞ்சோடு திரும்பி வருவதும் உண்டு. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். புதிதாக வருகிறவர்களுக்கு மறக்க வேண்டியது ஒன்றும் இருக்காது.

அவர்கள் அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள். முப்பத்துமூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, பி.இ., இந்தியாவில் ஐந்து வருஷ வேலை அனுபவம், ஐஇஎல்டிஎஸ்ஸில் லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7. நம் ஊரில் இது கெட்டிக்காரப் பிள்ளையின் மார்க். கனடாவில் குடியேறுவதற்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி பாயிண்ட் கணக்கில் இவருக்கு வயதுக்கு 88, படிப்புக்கு 120, ஆங்கிலத்துக்கு 124, படிப்பும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 25, அனுபவமும் ஆங்கிலமும் சேர்ந்ததற்கு 50. ஆக மொத்தம் 407. 2024இல் ஆட்களை அழைக்க நடந்த பொது டிராக்களில் கட்-ஆஃப் ஒருமுறைகூட 520க்குக் கீழே இறங்கவில்லை. 407ஐ வைத்துக்கொண்டு பூலில் கிடக்கலாம், அவ்வளவுதான். கிடக்கிற ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தோ ஆறோ பாயிண்ட் உதிரும். முப்பத்தைந்தில் அந்த 88 வெறும் 77.

இதே ஆள் பிரெஞ்சில் நான்கு திறனிலும் என்சிஎல்சி என்ற கனடா அளவுகோலில் 7 வாங்கினால் இரண்டாம் மொழிக்கென்று திறனுக்கு 3 வீதம் 12, அதற்கு மேல் கூடுதலாக 50. மொத்தம் 469. கூடவே பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனியாக நடக்கும் டிராவிலும் இடம். 2023 ஜூலையில் ஆரம்பித்த அந்த டிராக்களில், 2024 பிப்ரவரி 29 அன்று கட்-ஆஃப் 336 வரை இறங்கியது. அன்றைக்கு என் வகுப்புக்காரர்கள் கொண்டாடினார்கள், கேக் வெட்டினார்கள். அதைப் பார்த்து வந்து சேர்ந்த அடுத்த பாட்சிடம், இந்த எண் ஏறும் இறங்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. 2025 மார்ச் 21இல் 7,500 பேரை அழைத்தார்கள், கட்-ஆஃப் 379. அதே வருஷம் ஆகஸ்டில் 2,500 பேரை மட்டும் அழைத்தார்கள், கட்-ஆஃப் 481. மேலே சொன்ன 469காரருக்குப் பன்னிரண்டு பாயிண்டில் போச்சு.

"நான்கு திறனிலும்" என்று மேலே எழுதினேனே, அந்தச் சொல்லில்தான் என் தொழிலின் பாதி வேதனை அடங்கியிருக்கிறது. வாசிப்பு 9, எழுத்து 8, பேச்சு 8, கேட்டல் 6 என்று ஒருவர் வாங்கினால், சாதாரண ஆள் அவரைத்தான் கெட்டிக்காரர் என்பான். கணக்கு அப்படிச் சொல்லாது. அவருக்கு இரண்டாம் மொழிக்கான பாயிண்ட் 6, 3, 3, 1 என்று 13 கிடைக்கும். கூடுதல் 50 கிடையாது, பிரெஞ்சு டிராவும் கிடையாது. நான்கிலும் சுமாராக 7 வாங்கியவருக்கு 62. ஆகவே என்னிடம் வருகிறவர் எதில் கெட்டிக்காரர் என்று நான் பார்ப்பதில்லை. எதில் மட்டம் என்று பார்த்து, வகுப்பு நேரத்தில் முக்கால்வாசியை அங்கே கொட்டுவேன். பெரும்பாலும் அது கேட்டல்.

இன்னொரு கூட்டம் டெல்ஃப் பி2 சான்றிதழை லேமினேட் பண்ணி எடுத்துக்கொண்டு வரும். வாழ்நாளுக்கும் செல்லும் சான்றிதழ், உழைத்து வாங்கியது. எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. பாரிஸ் வணிகச் சபை நடத்தும் டெஃப் கனடா, பிரெஞ்சு அரசின் கல்வி நிறுவனம் நடத்தும் டிசிஎஃப் கனடா, இந்த இரண்டில் ஒன்றைத்தான் கனடா ஏற்கும். அதன் ரிசல்டும் இரண்டு வருஷத்துக்குத்தான். இதைச் சொல்லும்போது அவர்கள் என் மீது கோபப்படுவார்கள். சட்டத்தை நான்தான் போட்டேன் என்பது போல.

வகுப்பின் முதல் வாரம் நான் மல்லுக்கட்டுவது ஆங்கிலத்தோடு. நம் ஆட்கள் பிரெஞ்சுக்கு நேராகப் போவதில்லை, ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எழுத்து ஆங்கில எழுத்தாக இருப்பதால் அதுதான் வழி என்ற நினைப்பு. 'தாபிள்' என்பதை 'டாபிள்' என்பார்கள். பிரெஞ்சு 'த' நம் 'த' மாதிரியே நாக்கு பல்லில் படுகிற ஒலி. 'ப' சொல்லும்போது ஆங்கிலத்தில் வாயிலிருந்து ஒரு காற்று வெடிக்கும். தமிழிலும் பிரெஞ்சிலும் அது கிடையாது. மூக்கொலி உயிர்கள் வராது என்று புலம்புகிறவரிடம், "உங்க வீட்டுல 'மரம்'னு எப்படிச் சொல்வீங்க, சும்மா சொல்லுங்க" என்பேன். சொல்வார். கடைசியில் உதடு மூடாது, ஒலி மூக்குக்குள் போய் நின்றுவிடும். 'பொன்ஜூர்' என்பதில் வருவது அதற்கு வெகு அருகில் உள்ள ஒலி. "அவன் வந்தான்" என்று பேசும்போது கடைசியில் 'ன்' எங்கே போகிறது என்று கேட்டால் வகுப்பே ஒருமுறை சொல்லிப் பார்த்துச் சிரிக்கும். பிறந்ததிலிருந்து செய்துவருகிற காரியம் அது.

எல்லாம் தமிழால் சுலபமாகிவிடாது. மீனுக்கும் பானத்துக்கும் பிரெஞ்சில் முதல் எழுத்தின் ஒலி ஒன்றில்தான் வித்தியாசம். இரண்டையும் தமிழில் எழுதினால் 'ப்வாஸோன்' என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும், சிக்கலே அதுதான். மேஜை பெண்பால், பேனா ஆண்பால் என்பதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் நீயும் நீங்களும் நமக்குத் தெரியும். பிரெஞ்சிலும் 'தூ', 'வூ' என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தின் வழியாக வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவார்கள். ஒரே மூச்சில் நீயென்று ஆரம்பித்து நீங்களில் முடிப்பார்கள். டெஃப் கனடா பேச்சுத் தேர்வு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. பதினைந்து நிமிஷம், இரண்டு பகுதி. முதலாவதில் கையில் ஒரு விளம்பரத்தைக் கொடுப்பார்கள். வாடகை வீடோ, சமையல் வகுப்போ, ஏதோ ஒன்று. முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்வது போலப் பத்துக் கேள்விக்குக் குறையாமல் கேட்டு விவரம் வாங்க வேண்டும். இங்கே 'நீங்கள்'. இரண்டாவதில் எதிரில் இருப்பவர் உங்கள் நண்பர். அவரை ஒரு காரியத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். இங்கே 'நீ'. "கேஸ் ஏஜென்சிக்குப் போன் பண்ணுற மாதிரி முதல் பார்ட், காலேஜ் ஃபிரண்டை ட்ரிப்புக்கு இழுக்கிற மாதிரி ரெண்டாவது பார்ட்" என்று சொன்ன பிறகு என் வகுப்பில் தூ-வூ தவறு ஏறக்குறைய நின்றுவிட்டது.

நிற்காதது வேறொன்று. அந்த இரண்டாம் பகுதியில் நண்பராக நடிக்கும் தேர்வாளர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். நேரமில்லை என்பார், செலவு அதிகம் என்பார், போன தடவை போய் ஏமாந்தேன் என்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிப் பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும். நம் பிள்ளைகள் இரண்டாவது மறுப்பிலேயே "சரி, உன் இஷ்டம்" என்று எழுந்துவிடுவார்கள். பிரெஞ்சு தெரியாமல் அல்ல. வகுப்பில் ஆசிரியரிடமும், வீட்டில் அப்பாவிடமும், ஆபீஸில் மேனேஜரிடமும் ஒருமுறை மறுத்துப் பேசியதே பெரிய காரியமாக வளர்ந்தவர்கள். தேர்வு நடத்துகிறவர் முகத்தைப் பார்த்து விடாப்பிடியாக வாதாடுவது எந்த மொழியிலும் அவர்களுக்குப் பழக்கமில்லை. இலக்கணத்தில் புலியான ஒரு மென்பொருள்காரர், துணைநிலை வினைவடிவத்தைக்கூடத் தப்பில்லாமல் போடுகிறவர், மாதிரித் தேர்வில் மூன்றே நிமிஷத்தில் என்னிடம் தோற்றார். அதே பாட்சில் ஒரு மெடிக்கல் ரெப். ஆண்பால் பெண்பால் எதுவும் அவரிடம் நிற்காது. ஆனால் டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் உட்கார்ந்து பேசியே பழகியவர். நான் எத்தனை சாக்குச் சொன்னாலும், "புரியுது, ஆனா ஒண்ணு கேளு" என்று பிரெஞ்சில் ஆரம்பிப்பார். பேச்சில் அவருக்கு 8 வந்தது. மென்பொருள்காரருக்கு முதல் தடவை 6.

அதற்கப்புறம் முதல் அரைமணி நேரத்தை வாதாடுவதற்கென்றே ஒதுக்கினேன். தமிழிலேயே. ஒருவர் தோசை வேண்டாம் என்பார், இன்னொருவர் பத்து நிமிஷம் விடாமல் அவரைச் சாப்பிட வைக்க வேண்டும். பிரெஞ்சு வகுப்பில் இதென்ன கூத்து என்று பார்த்தவர்கள், பிறகு அதே வாதத்தைப் பிரெஞ்சில் செய்யும்போது வாக்கியங்கள் தானாக வருவதைக் கண்டார்கள்.

எழுத்துத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதியில் நிற்கும் ஒரு செய்தித் துணுக்கை முடித்து எழுத வேண்டும். பிறகு பத்திரிகைக்குக் கருத்துச் சொல்லி ஒரு கடிதம், குறைந்தது 200 சொல். வாட்ஸ்அப்பில் சுற்றும் ரெடிமேட் வாக்கியங்களை மனப்பாடம் செய்து வருகிறார்கள். தொடங்கவும் முடிக்கவும் அவை உதவும், நடுவில் உதவாது. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தத் தலைப்பைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. திருத்துகிறவர்கள் அதை ஆயிரம் முறை பார்த்தவர்கள்.

கேட்டலுக்கு வருகிறேன். டிசிஎஃப்பில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். 35 நிமிஷத்தில் 39 கேள்வி. ரயில் அறிவிப்பு, தொலைபேசிச் செய்தி, வானொலிப் பேட்டி என்று ஏறிக்கொண்டே போகும். நம் ஆட்களை முதலில் கவிழ்ப்பது எண்கள். தொண்ணூற்றேழைப் பிரெஞ்சில் நான்கு இருபது, பத்து, ஏழு என்று அடுக்க வேண்டும். இவர் மனசுக்குள் பெருக்கிக் கூட்டி முடிப்பதற்குள் ரயில் போய்விடும். எந்த ஆப்பும் நான் சிபாரிசு செய்வதில்லை. ஆர்எஃப்ஐ வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிஷச் செய்தி தினமும் வருகிறது. ஒரு வருஷம் விடாமல் கேளுங்கள், புரியாவிட்டாலும் கேளுங்கள் என்பேன். மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து எழும்பூர் வருவதற்குள் இரண்டு நாள் செய்தியைக் கேட்டுவிடலாம். கேட்டவர்கள் தேறினார்கள். கேட்டதாகச் சொன்னவர்களும் உண்டு.

இந்தத் தொழிலில் நான் ரசித்தது தம்பதிகளை. கணவனுக்குக் கனடா ஆசை, மனைவி "சும்மா துணைக்கு" என்று வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். அப்படி ஒரு ஜோடி. கணவருக்கு முப்பத்தெட்டு, அந்தப் பெண்ணுக்கு முப்பத்துநான்கு. குழந்தை பிறப்பதற்கு முன்னால் நான்கு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவர். பி1 பாதியிலேயே இவர் கணவனைத் தாண்டிவிட்டார். கணவருக்கு ஆபீஸ் கால்கள், இவருக்குப் பாத்திரம் தேய்க்கும்போது காதில் பிரெஞ்சு. ரிசல்ட் வந்தது: அவருக்கு எழுத்தில் 5, இவருக்கு நான்கிலும் 7க்குக் குறையாமல். கூடுதல் 50 பாயிண்ட், விண்ணப்பத்தின் முதன்மை ஆள் வாங்கினால்தான் கிடைக்கும். துணைவர் பிரெஞ்சில் கவி பாடினாலும் அது வராது. வயதுக் கணக்கிலும் இவருக்கு 20 பாயிண்ட் அதிகம். பத்து வருஷத்துக்குள் பார்த்த வேலை என்பதால் பழைய வங்கி அனுபவமும் செல்லும்.

கணவர் எனக்குப் போன் செய்தார். "மேடம், அவ பேர்ல ஃபைல் பண்ணா என்னை என்னன்னு போடுவாங்க?"

"கூட வர்ற கணவர்னு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எங்க அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற வேலை அவருடையதாயிற்று. அந்தப் பெண் ஐஇஎல்டிஎஸ்ஸை மறுபடி எழுத உட்கார்ந்தார்.

என் மாணவர்கள் எல்லோருக்கும் பிரெஞ்சு என்றதும் மாண்ட்ரியல்தான் நினைவுக்கு வரும். அங்கே போகத்தான் படிக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணம், கனடா அரசோடு செய்த 1991 ஒப்பந்தப்படி, தனக்கு வேண்டிய திறன் தொழிலாளர்களைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அதற்குத் தனித் திட்டம், தனி விண்ணப்பம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருகிறவர் கியூபெக்குக்கு வெளியே குடியிருக்கப் போவதாகச் சொல்ல வேண்டும். கனடா அரசு இத்தனை பாயிண்டை அள்ளிக் கொடுப்பதே கியூபெக்குக்கு வெளியே சிதறிக் கிடக்கிற, பிரெஞ்சு பேசும் சமூகங்கள் தேய்ந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒன்டாரியோவின் சட்பெரி, மனிடோபாவின் சென்ட் போனிஃபேஸ், நியூ பிரன்சுவிக்கின் அக்கேடியர்கள். கியூபெக்குக்கு வெளியே குடியேறுகிறவர்களில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் 4.4 சதவீதம் இருக்க வேண்டும் என்று வைத்த இலக்கை 2022இல் எட்டினார்கள். 2024க்கு 6 சதவீதம் ஆக்கினார்கள். 2027க்கு 10 என்று 2024இல் எழுதி வைத்தார்கள். 2017இல் அதிகபட்சம் 30 ஆக இருந்த கூடுதல் பாயிண்ட், 2020 அக்டோபரில் 50 ஆனதும் இந்தக் கவலையால்தான்.

என் மாணவர்கள் இந்தக் கவலையில் பங்கெடுக்கிறார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. பிராம்ப்டனிலும் கால்கரியிலும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அங்கே போகிறார்கள், ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியாகப் படித்த பிரெஞ்சு, பால் பாக்கெட்டின் இரண்டாம் பக்கத்தை வாசிப்பதோடு நின்றுவிடுகிறது. இதில் ஏமாற்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் ஒரு அரசு, மொழியை வளர்க்க வேண்டும் என்றால் தேர்வு வாசலில் மட்டும் நின்று எண்ணிக்கொண்டிருந்தால் போதாது; வேலையும் பள்ளிக்கூடமும் அந்த மொழியில் கிடைக்க வேண்டும். கிடைத்த இடத்தில் நிலைமையே வேறு.

கிடைத்த ஒருத்தி நியூ பிரன்சுவிக்கின் மாங்டனில் இருக்கிறாள். நியூ பிரன்சுவிக்தான் கனடாவில் சட்டப்படி இருமொழி கொண்ட ஒரே மாகாணம். அந்த ஊரில் இரண்டு மொழி தெரிந்தவர்களை எடுக்கும் கால் சென்டர்கள் உண்டு. சேர்ந்த முதல் வாரம் எனக்குப் போன். "மேடம், நீங்க சொல்லிக்கொடுத்த பிரெஞ்ச இங்க ஒருத்தரும் பேசல." காருக்கு வேறு சொல், கடைக்குப் போவதற்கு வேறு சொல், மதியச் சாப்பாட்டை ராத்திரிச் சாப்பாட்டின் பெயரால் கூப்பிடுகிறார்கள். போதாக்குறைக்கு உள்ளூர்க்காரர்கள் பேசும் சியாக், நம் ஊர்த் தங்கிலீஷ் மாதிரி பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் குடித்தனம் நடத்துகிற பேச்சு. வாடிக்கையாளர் சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான்கிலும் எட்டு வாங்கின ஆளு நான்" என்றாள். தேர்வில் வரும் குரல்கள் பெரும்பாலும் பாரிஸ் வாடை அடிப்பவை. நானும் அந்தப் பிரெஞ்சில் வளர்ந்தவள்தான். அவளுக்குச் சொல்ல என்னிடம் அன்றைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. வெட்கப்படாமல் திரும்பக் கேள், முதல் பகுதியில் விவரம் கேட்பது போலக் கேள் என்றேன்.

இப்போது சனிக்கிழமை வகுப்பின் கடைசி அரைமணி நேரம் ரேடியோ-கனடாவின் அக்கேடிய நிகழ்ச்சி ஒன்றை ஓட விடுகிறேன். மாங்டன்காரிதான் எந்த நிகழ்ச்சி நல்லது என்று அனுப்புகிறாள். எனக்கே சில இடங்களில் நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டியிருக்கிறது. இது டெஸ்டில் வராது என்று தெரிந்ததும் நடப்பு பாட்சில் பாதிப் பேர் மீட்டிங் இருக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். ரிசல்ட் வந்து, பிஆர் கைக்கு வந்து, டிக்கெட் போட்டவர்கள் சிலர் அந்த அரைமணிக்கு மட்டும் லாக்-இன் செய்து கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அவர்களிடம் நான் ஃபீஸ் வாங்குவதில்லை.